அஞ்சடுக்கு கேரியரோட கோலாலம்பூர்

அன்னிக்கு எங்க வேலை இதுதான். கோலாலம்பூருக்குப் போகணும், மாசமா இருக்கிற என் நாத்தனாருக்குக் கட்டுச்சோறு கொடுக்கணும், அப்படியே ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துடணும்.

திட்டம் போட்டது நான். எங்க வீட்டுக்காரர் அலோர் காஜா பக்கத்துல ஒரு ரப்பர் எஸ்டேட்டுல கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் நிர்வாகம் அவருது, வீட்டு நிர்வாகம் என்னுது. செலவில்லாம குடும்பத்தோட கோலாலம்பூர் பாக்க ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன்னு எனக்கு ஒரே மிதப்பு. படுக்கை நாத்தனார் கமலா வீட்டுல. சாப்பாடும் அங்கேயேதான். அவ புருஷனுக்கு கோலாலம்பூர் செந்தூல்ல ரயில்வே வேலை, வீடும் ரயில்வே கொடுத்தது. நம்ம கையில இருந்து போறது பஸ் காசு மட்டும்தான்.

ஆனா வெறுங்கையோட போய் உக்கார முடியாதே. கமலாவுக்கு ஏழாம் மாசம். பொறந்த வீட்டுல இருந்து அஞ்சு வகைச் சோறு ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கணும், அதுதான் வழக்கம். என் மாமியார் போய்ச் சேர்ந்துட்டதால பொறந்த வீடுன்னா இப்ப நான்தான். சோறு போகலைன்னா புகுந்த வீட்டுல அந்தப் பொண்ணு தலை நிமிர முடியாது. அவ மாமியாரும் லேசுப்பட்ட ஆளில்ல.

"காசாக் கொடுத்துடலாமே, அங்கேயே ஆக்கிக்கட்டும்"னாரு இவரு.

"பொறந்த வீட்டு அடுப்புல வெந்ததா இருக்கணுங்க"ன்னேன் நான்.

பெருமைக்குச் சொன்னது அது. நிஜம் என்னன்னா, அரிசி ரேஷன்ல வந்த அரிசி. ஒரு மாசமா ராத்திரிக்கு எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்கை அவிச்சுப் போட்டு நான் மிச்சம் பிடிச்சது. கிழங்கைப் பாத்தாலே என் பையன் மணி அழ ஆரம்பிச்சிருந்தான்.

அப்ப வெள்ளைக்காரன் ஆட்சி, கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்த நேரம். எஸ்டேட்டைச் சுத்தி முள்கம்பி வேலி. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போயிடக் கூடாதுன்னு ஒரு பருக்கை சோறுகூட கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க. பால் மரம் வெட்டப் போற, லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற கூலிக்காரப் பொம்பளைங்களை விடியக்காலையில வரிசையா நிக்க வச்சு, மடியைத் தடவிப் பாத்துதான் அனுப்புவாங்க. அதை நான் எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு காப்பி குடிச்சிக்கிட்டே பாப்பேன். "ஒண்ணும் ஒளிக்கலைன்னா எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறாங்க?"ன்னு சொல்லவும் சொல்லியிருக்கேன்.

அப்புறம் எந்தத் தைரியத்துல சோத்தைக் கட்டினேன்னு கேப்பீங்க. சட்டமெல்லாம் லயத்து ஆளுங்களுக்குன்னு நெனச்சேன். கிராணி வீட்டை இதுவரைக்கும் யாரும் சோதிச்சதில்ல. அதோட நாங்க காட்டுக்கா போறோம்? எந்தக் கம்யூனிஸ்ட் செந்தூல்ல வந்து உக்காந்து எலுமிச்சைச் சோறு கேக்கப் போறான்?

கோயில்ல படையலுக்கு வச்சிருந்த பெரிய அஞ்சடுக்கு கேரியரை இரவல் வாங்கினேன். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல். அமுக்கி அமுக்கி வச்சேன். தூக்கிட்டு நடந்தப்ப இவருக்கு ஒரு தோள் இறங்கியே போச்சு.

கேட்டுல வழக்கமா நிக்கிற போலீஸ்காரர் ஹம்சா எங்களுக்கு நல்லாப் பழக்கம். எங்களைப் பாத்தா சிரிச்சிட்டு வழி விடுவாரு. அன்னிக்கு அவர் சிரிக்கல. பக்கத்துல புதுசா ஒரு வெள்ளைக்கார ஆபீசர் நின்னுக்கிட்டிருந்தான்.

"கக்கா, நாசி தா போலே லா"ன்னாரு ஹம்சா, மெதுவா. மலாய்ல "அக்கா, சோறு கொண்டு போக முடியாது"ன்னு அர்த்தம்.

இவரு முன்னால போய் தொண்டையைச் செருமிட்டு ஆபீசர்கிட்ட இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாரு. ஆபீஸ்ல நல்லாவே பேசுற மனுஷன். அன்னிக்குப் பாத்து வார்த்தையெல்லாம் முன்னுக்குப் பின்னா வந்துச்சு. பிள்ளைத்தாச்சிக்குச் சோறுன்னு எப்படியோ சொல்லிட்டாரு. ஆபீசர் என் வயித்தைப் பாத்தான்.

"இவ இல்ல சார், என் தங்கச்சி"ன்னு இவரு பதறினாரு.

"எங்கே?"

"கோலாலம்பூர்ல சார்."

அதுக்கு ஆபீசர் ஏதோ கேட்டான். இவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"என்னவாம்?"ன்னேன்.

"கோலாலம்பூர்ல அரிசி கிடைக்காதான்னு கேக்கிறாரு. நான் கேட்டதையேதான் அவரும் கேக்கிறாரு."

அந்த நேரத்துல இதைச் சொல்லிக்காட்டாட்டி இவருக்கு ஆகாது.

அடுத்தது எனக்குச் சோதனை. பொம்பளைங்களைச் சோதிக்கிற வேலை லயத்து முனியம்மாவுக்கு. "கோவிச்சுக்காதீங்க கிராணியம்மா, கையைத் தூக்குங்க"ன்னு சொல்லிட்டு இடுப்பு, மடி, கொசுவம் எல்லாத்தையும் தடவினா. வரிசையில நின்ன அத்தனை பேரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டேன். எனக்கு அவமானமா இருந்துச்சு. அவங்களுக்கும் தினம் இப்படித்தானே இருந்திருக்கும்னு அப்பத்தான் உறைச்சுது.

சோத்தைத் திருப்பி வீட்டுல வச்சிட்டு வரலாம்னா வீடு மேட்டு மேல இருக்கு, ஏறி இறங்குறதுக்குள்ள பஸ் வந்து போயிடும். அதை விட்டா அடுத்தது மத்தியானத்துக்கு மேலதான், இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர முடியாது. கொட்டிடலாம்னா பிள்ளைத்தாச்சிக்கு ஆக்கின சோத்தை யாராவது கொட்டுவாங்களா?

"உக்காருங்க. சாப்பிடுங்க"ன்னேன்.

"எல்லாத்தையுமா?"ன்னாரு இவரு.

கேட்டுக்கு உள்பக்கம் மண்தரையில நாலு பேரும் வட்டமா உக்காந்தோம். இன்னும் சரியா வெளிச்சம்கூட வரல. என் மக லெட்சுமி சர்க்கரைப்பொங்கலை இழுத்து வச்சிக்கிட்டா. மணிக்கு ஒரே சந்தோஷம். ஒரு மாசத்துக் கிழங்குக்கும் பழி வாங்கினான்.

"எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தீங்கன்னா சீக்கிரம் முடியுமே கிராணியம்மா"ன்னா முனியம்மா.

எனக்குக் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். கிழங்கு தின்னு சேத்த சோறு, ஊருக்குக் கொடுக்க மனசு வரல. தேங்காய்ச்சோறு முடிஞ்சப்ப எனக்கு மூச்சு முட்டிச்சு. எலுமிச்சைச்சோத்துல பாதியில இவரு வேட்டியைத் தளர்த்திக்கிட்டாரு. ஆபீசர் கையைக் கட்டிக்கிட்டு கண் கொட்டாம பாத்துக்கிட்டிருந்தான்.

பஸ் ஹாரன் கேட்டுச்சு. தயிர்ச்சோத்தை இன்னும் தொடவே இல்ல. வேற வழியில்லாம கேரியரை முனியம்மா பக்கம் தள்ளினேன். வரிசையில நின்னவங்க ஆளுக்கு ஒரு கை எடுத்தாங்க, ஒரே நிமிஷத்துல காலி.

"உப்பு கொஞ்சம் கம்மி"ன்னா முனியம்மா, கையை நக்கிக்கிட்டே.

சிரம்பான்ல பஸ் மாறி செந்தூல் போய்ச் சேர்ற வரைக்கும் வழியில பல தடவை சோதனை. வெறும் கேரியரை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்கன்னு ஒவ்வொரு இடத்துலயும் கேட்டாங்க. இவரு ஒவ்வொருத்தன்கிட்டயும் மொதல்ல இருந்து கதை சொன்னாரு. கடைசியில இங்கிலீஷ் நல்லாவே சரளமாயிடுச்சு.

கமலாவோட மாமியார் வாசல்லயே நின்னாங்க. இவர் கையில இருந்து கேரியரை வாங்கினாங்க. கனமில்லாததால கை மேல போச்சு.

"சோறு எங்க தம்பி?"

"சாப்பிட்டுட்டோம் அத்தை"ன்னாரு இவரு. முன்னையும் இல்ல, பின்னையும் இல்ல. இவ்வளவுதான் சொன்னாரு. வழியெல்லாம் போலீஸ்காரனுக்குச் சொன்ன கதையை இங்க சொல்லக் கூடாதா?

அந்தம்மா அஞ்சு அடுக்கையும் திறந்து பாத்தாங்க. "அஞ்சு வகையுமா?"

"தயிர்ச்சோறு மட்டும் லயத்து ஆளுங்க சாப்பிட்டாங்க"ன்னாரு.

நான் குறுக்கே விழுந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, சாப்பாடு பரிமாறியிருந்தாங்க. நாலு பேர்ல ஒருத்தராலயும் ஒரு வாய் முழுங்க முடியல. சம்பந்தி வீட்டுச் சோத்தை வேண்டாம்னு சொன்ன குத்தமும் சேந்துக்கிச்சு.

கமலா சமையக்கட்டுல நின்னு அழுதா. "நாளைக்கு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் வருவாங்க அண்ணி. எங்க வீட்டுல இருந்து என்ன வந்துச்சுன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

அந்தப் பொண்ணை நிமிர வைக்கத்தான் வந்தேன், குனிய வச்சிட்டு நின்னேன்.

அவ மாமியார் வந்து, அக்கம்பக்கத்துக் காதுல விழாதபடி பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாங்க. "அரிசி அந்த டின்ல இருக்கு. காலையில ஆக்கு"ன்னாங்க.

மறுநாள் இவரு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தக் கிளம்பிட்டாரு. நான் அஞ்சு வகைச் சோறு ஆக்கினேன், அவங்க அரிசி, அவங்க எண்ணெய், அவங்க விறகு. கோலாலம்பூர்ல எனக்குத் தெரிஞ்சது ஜன்னல் வழியா ரயில்வே பட்டறைப் புகை. கேரியரை நிரப்பி, இப்பத்தான் பஸ்ல வந்து இறங்கின மாதிரி முன்னறையில வச்சாங்க. பொம்பளைங்க வந்து சாப்பிட்டாங்க. கமலா முகத்துல சிரிப்பு வந்துச்சு, எனக்கும் உசுரு வந்துச்சு.

"என்ன இருந்தாலும் பொறந்த வீட்டுச் சோத்து ருசியே தனி"ன்னா பக்கத்து வீட்டு அம்மா.

"பின்ன? எவ்வளவு தூரத்துல இருந்து வருது"ன்னாங்க கமலாவோட மாமியார். சொல்லிட்டு என் பக்கம் குனிஞ்சு, "வயித்துல வச்சு"ன்னாங்க.

அதோட விட்டுதா? கட்டுச்சோறு வந்த பாத்திரத்தை வெறுமையாத் திருப்பக் கூடாது, அதுவும் வழக்கம். கிளம்புறப்ப கமலா தன் கையால கேரியரை நிரப்பி நீட்டினா. புளிச்சோறு, பொங்கல், அஞ்சு அடுக்கும் ததும்பத் ததும்ப. பிள்ளைத்தாச்சி கொடுக்கிறதை எப்படி வேண்டாங்கிறது? வாங்கிட்டோம்.

சிரம்பானுக்கு முன்னாலேயே பஸ் வேகம் குறைஞ்சுது. ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பு, பக்கத்துல போலீஸ். மணி வயித்தைப் பிடிச்சிக்கிட்டான். இவரு வேட்டியைத் தளர்த்தி விட்டுக்கிட்டு, கேரியரை மடியில வச்சுத் திறந்தாரு.

நான் முதல் அடுக்கை எடுத்து பக்கத்து சீட்டுப் பொம்பளைகிட்ட நீட்டினேன், இந்தத் தடவை அவ கேக்கிறதுக்கு முன்னாடியே.