கலியாணசுந்தரம் வைத்த இத்தாலியக் கோப்பி

மிஷின் மறுபடியும் சீறியது. கோப்பிதான் வரவில்லை.

கலியாணசுந்தரம் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நேரம் கழித்து வேலைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். இத்தாலியில் செய்தது. ஒரு பெரிய கூஜா அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளியாக மின்னும். உச்சந்தலையில் திருகுமூடி, வயிற்றில் தண்ணீர், நெஞ்சில் தூள் போடும் சல்லடைக் கிண்ணம், அதற்குக் கீழே சின்னதாக ஒரு மூக்கு. அந்த மூக்கிலிருந்து கறுப்பாக, கெட்டியாக, மேலே பொன்னிற நுரையோடு எஸ்பிரெஸ்ஸோ இறங்க வேண்டும். வந்ததோ வெறும் ஆவி. அதுவும் மூக்கு வழியாக இல்லை, மூடி இடுக்கு வழியாக.

"ஏங்க, அஞ்சு மணிக்கு அவரு வந்திருவாரு. நான் பேசாம துணியில வடிச்சு ஒரு கோப்பி போட்டுறட்டுமா?" அடுப்படியிலிருந்து கேட்டாள் சிவகாமசுந்தரி.

"துணியிலயா? கோலாலம்பூர்லேருந்து வந்திருக்கிற மேனேஜருக்கு? அந்தக் காலுறை மாதிரி தொங்குதே, அதுலயா?"

"இத்தனை வருஷம் அதைத்தானே குடிச்சீங்க?"

"அது அடிமைக் காலம்," என்றார் கலியாணசுந்தரம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் அடைவதற்கு, இன்னும் சில வாரங்களே இருந்தன. மலாக்காவின் பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு ரப்பர் கம்பெனியில் அவர் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். மேனேஜருக்கு அடுத்த இடத்தில் இருந்த வில்கின்ஸ் துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். நாடு நம் கைக்கு வந்தால் யார் என்ன செய்வார்கள் என்று அவர் குடியிருந்த காஜா பேராங்கில் எல்லோரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணசுந்தரத்துக்கு நாட்டைப் பற்றிக் கவலை இல்லை. அது எப்படியும் கைக்கு வந்துவிடும். மாடி அறையில் காலியாகக் கிடக்கும் துரையின் நாற்காலி, சுழலும் நாற்காலி, அது கைக்கு வருமா என்பதுதான் அவர் கவலை.

போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் செமாபோக்கில் குடியிருந்த தேவதாஸ். புது மேனேஜர் கணேசமூர்த்தி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரியுறீங்க. நான் வீட்டுக்கு வந்து ரெண்டு பேரையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்று சொல்லியிருந்தார். காலையில் தேவதாஸ் வீட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியதாகத் தகவல். பிஸ்கட்! அந்த பிஸ்கட்டை நினைத்து நினைத்துக் கலியாணசுந்தரம் மத்தியானம் வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

துரை போகும்போது, பெட்டியில் இடம் இல்லாத சாமான்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். தேவதாஸுக்குக் காலில் சப்பாத்து மாட்ட உதவும் ஒரு கரண்டி. இவருக்கு இந்த மிஷின். தன் வாரிசு யார் என்பதை வெள்ளைக்காரன் வாயால் சொல்லாமல் பொருளால் சொல்லிவிட்டான் என்று கலியாணசுந்தரம் அதற்குப் பொழிப்புரை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து மிஷின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. தினமும் துடைப்பார். அதில் இதுவரை ஒரு சொட்டுக் கோப்பிகூடப் போட்டதில்லை என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த குடும்ப ரகசியம்.

கோளாறு தூளில் இருந்தது. மலாக்காவில் கோப்பித் தூள் என்றால், வெண்ணெயும் சீனியும் போட்டுக் கறுக்க வறுத்து இடித்தது. துணியில் போட்டு வெந்நீர் ஊற்றினால் தெருமுனை வரை மணக்கும். அதையே இத்தாலிக்காரனின் ஊசித்துளைச் சல்லடையில் போட்டுச் சூடு காட்டினால், சீனி பாகாகி, வெண்ணெய் உருகி, ஒவ்வொரு துளையாகப் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது.

"தூள் பத்தலை," என்று தீர்ப்புச் சொன்னார் கலியாணசுந்தரம். இன்னும் இரண்டு கரண்டி போட்டு, இடிகல்லின் குழவியால் அழுத்தினார். முதலில் அடைப்பாக இருந்தது இப்போது சுவராகிவிட்டது.

"சூடு பத்தலை," என்றார் அடுத்து. அடியில் இருந்த ஸ்பிரிட் விளக்கை எடுத்துவிட்டு, அடுப்படியிலிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மிஷின் நடுங்கியது. பிறகு ஊளையிட்டது.

பின்வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட செட்டிகளின் குடியிருப்பான, பக்கத்துக் கம்போங் செட்டியில் இருக்கும் தம்பிராஜா. பெயர் தமிழ், நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் மலாய்.

"அப்பா பூஞி இத்து?" என்றார். என்ன சத்தம் அது என்று கேட்கிறார்.

கலியாணசுந்தரம் தம் அலுவலக மலாயில் விஷயத்தை விளக்கினார். தம்பிராஜா வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார், சல்லடையை விரலால் தொட்டார், விரலை நக்கினார்.

"அலா, செனாங் சஜா!" என்றார். இது ரொம்பச் சுலபமாம். தையல் மிஷினில் பிசுக்கு ஒட்டினால் அவர் வீட்டில் தைலம்தான் விடுவார்களாம். தைலத்துக்கு விடாத பிசுக்கே கிடையாதாம். சொல்லிவிட்டு, வந்த வழியே கோயிலுக்குப் போய்விட்டார்.

"சிவகாமி, அந்த யூகலிப்டஸ் தைலத்தை எடு!"

"கோப்பியிலயா ஊத்தப் போறீங்க?"

"கோப்பியில இல்ல, தண்ணியில. ஆவியோட மேல போயி அடைப்பை இளக்கிரும். இதெல்லாம் விஞ்ஞானம். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். வர்றவருக்குப் புரிஞ்சாப் போதும்," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டிலைக் கொடுத்தாள். துளி விடப் போனவர் கை தவறி, பாதி பாட்டில் போய்விட்டது.

அடைப்பு இளகவில்லை. மூடி இடுக்கு வழியாகத் தைல ஆவி புகைபோல எழும்பிக் கூடத்தை நிறைத்தது. கலியாணசுந்தரத்துக்குக் கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஆனாலும் மூளை வேலை செய்தது. ஆவி வெளியே ஓடுவதால்தானே கோப்பியைத் தள்ள ஆளில்லை? வெளியே போகவிடாமல் மூடிவிட்டால்? கனத்த துவாலை ஒன்றைக் கொண்டுவந்து மிஷின்மேல் போர்த்தினார். நல்ல யோசனைதான். போர்த்திவிட்டால் சொட்டு விழுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? தம் தலையையும் துவாலைக்குள் விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது.

"வாங்க சார், வாங்க. அவரு… உள்ளதான் இருக்காரு," என்று சிவகாமசுந்தரி சொல்வது துவாலைக்குள் மங்கலாகக் கேட்டது. கலியாணசுந்தரம் பதறி நிமிரப் போனார்.

"எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க!" என்றார் கணேசமூர்த்தி. "பாதியில விடக் கூடாது. நல்லா முடிச்சுக்குங்க. எனக்கு அவசரமில்ல."

கோலாலம்பூர் கோலாலம்பூர்தான் என்று துவாலைக்குள் வியந்தார் கலியாணசுந்தரம். எஸ்பிரெஸ்ஸோவைப் பாதியில் விடக் கூடாது என்பது இந்த மலாக்காவில் யாருக்குத் தெரியும்? மரியாதைக்காக இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர். ஸ்டவ்வை அணைத்துவிட்டு, "வணக்கம் சார்," என்று தொடங்கியவர் மிச்சத்தை இருமலாக முடித்தார்.

கணேசமூர்த்தி அவர் தோளைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து மேசையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இது?"

ஒரு சொட்டும் இறங்காத மிஷின் என்று எப்படி ஒப்புக்கொள்வது? "வில்கின்ஸ் துரை போனதுலேருந்து சார். அவருடையதுதான். போகும்போது என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

"அப்படியா, துரைக்குமா?"

"ஆமா சார். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அது இல்லேன்னா அவரால படுக்கையை விட்டே எழுந்திரிக்க முடியாது."

"பாவம்," என்றார் கணேசமூர்த்தி. "கோலாலம்பூர்ல அவரைப் பார்த்தப்போ தெரியவே இல்ல."

பாவம் எதற்கு என்று கலியாணசுந்தரத்துக்குப் புரியவில்லை. பெரிய இடத்துப் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"உங்களுக்கும் ரெண்டு தடவையா?"

"ரெண்டுதான் சார் கணக்கு. ஆனா ஆபீஸ் வேலை கூடிச்சுன்னா மூணு, நாலுகூட ஆயிரும்." பெரிய மனிதன் என்றால் பழக்கமும் பெரிதாக இருக்க வேண்டாமா?

"வேலை கூடினா கூடுதா?" கணேசமூர்த்தியின் முகத்தில் கவலை தெரிந்தது. "வீட்டம்மாவுக்கு?"

"அவளுக்கு இதெல்லாம் தேவைப்படாது சார். நாட்டுக்கட்டை."

அடுப்படிக்குள் பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சிவகாமசுந்தரி இரண்டு குவளையில் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். துணியில் வடித்தது. கலியாணசுந்தரம் அவளைக் கண்ணாலேயே எரித்தார். மேனேஜரோ ஒரு குவளையைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா," என்று இன்னொன்றும் கேட்டு வாங்கினார். அந்தக் கோப்பியின் மணம்கூடத் தைல நெடிக்குள் நுழைய முடியாமல் வாசல் பக்கமாக ஓடிவிட்டது.

"துரை ரூம் மாடியிலதானே?" என்று கேட்டார் மேனேஜர் திடீரென்று.

கலியாணசுந்தரம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வந்துவிட்டது விஷயம். "ஆமா சார்." இருமல். "மாடிதான்." மறுபடியும் இருமல்.

"படி ரொம்பச் செங்குத்து."

"அந்தப் படியை ஏறணும்னுதான் சார்…" தொண்டையில் தைலம் காறியது, கண்ணீர் கொட்டியது. "இத்தனை பாடும்."

கணேசமூர்த்தி எழுந்து வந்து அவர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தைலம் யாரையும் விட்டுவைக்கவில்லை.

"இந்த நிலைமையிலும் இவ்வளவு ஆசையா உழைக்கிறீங்களே! நீங்க ஒண்ணும் மனசுல போட்டுக்காதீங்க. அந்த நாற்காலி விஷயத்தை என்கிட்ட விட்டுருங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

கலியாணசுந்தரத்துக்கு அப்படியே காலில் விழலாமா என்று தோன்றியது. மெர்டேக்கா நெருங்கிவிட்ட நேரத்தில் அது முறையல்ல என்பதால் விழவில்லை.

வாசலில் மேனேஜர் சிவகாமசுந்தரியிடம் குரலைத் தாழ்த்தினார். "பக்குவமா பாத்துக்குங்கம்மா. மழையில நனையவிடாதீங்க."

கார் புறப்பட்டது.

"எதைங்க பாத்துக்கச் சொல்றாரு?"

"வேற எதை? மிஷினைத்தான்," என்றார் கலியாணசுந்தரம். "துருப்பிடிச்சிரும்ல?"

"ஒரு சொட்டு வரலையே! அதுக்கா நாற்காலி குடுத்தாரு?"

"அதான் உனக்குப் புரியாதுங்கிறேன். ஒரு மனுஷன் என்ன குடிக்கிறான்கிறது முக்கியமில்ல, சிவகாமி. எப்படிக் குடிக்கிறான்கிறதுதான் முக்கியம். வாசல்ல நின்னு பார்த்தாரு பாரு, ஒரே பார்வை! ஆளை எடைபோட்டுட்டாரு." அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அது சுழலாது என்பதையும் பொருட்படுத்தாமல், இடுப்பை மட்டும் இடதும் வலதுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "தேவதாஸ் பாவம். நான் மேல போனதும் அவனுக்கு ஜன்னலோரமா ஒரு மேசை போட்டுக் குடுக்கணும். அந்த பிஸ்கட்டுக்கு அதுவே ஜாஸ்தி."

"நாளைக்கு அந்த நாத்தம் போக மிஷினை வெயில்ல வைங்க முதல்ல."

"வைக்கலாம், வைக்கலாம். தெருப் பக்கமா வை. நாலு பேர் பாக்கட்டும்."

வாசலில் மறுபடியும் கார் சத்தம். மேனேஜரின் டிரைவர் மருதமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மேனேஜர் தொப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தார். கலியாணசுந்தரம் எழுந்திருக்கவில்லை, இனி எழுந்திருக்க வேண்டிய ஆள் அவர் இல்லையே. உட்கார்ந்தபடியே தொப்பியைக் காட்டினார்.

"என்ன மருதமுத்து, ஐயா கார்ல ஏதாச்சும் சொன்னாரா?"

மருதமுத்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசைமேல் இன்னும் மெல்லப் புகைந்துகொண்டிருந்த மிஷினைச் சுற்றிவந்து பார்த்தான்.

"ஏறினதுலேருந்து உங்க பேச்சுத்தான் சார்; 'பாவம் மனுஷன், இந்த இளைப்பு நோயை வச்சுக்கிட்டு மாடி ஏறவிட்டா நமக்குத்தான் பாவம், அந்த நாற்காலியில தேவதாஸே உட்காரட்டும்'னு சொல்லிட்டாரு. ஏன் சார், இந்த ஆவி பிடிக்கிற மிஷின் எங்க கிடைக்கும், எங்க மாமியாருக்கும் மழைன்னா மூச்சு வாங்குது?"