நெஞ்சில் கை வைத்த படம்

பிழைப்புக்காக வேற்று நாட்டிலிருந்து வந்து டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கும் இதயம் இருக்கிறது என்பதைப் போக்குவரத்து அலுவலகம் இந்த வருஷம்தான் கண்டுபிடித்தது. உடனே சுற்றறிக்கை வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இதய விழிப்புணர்வு முகாம். பரிசோதனை இலவசம். ஓட்டுநர்கள் தவறாமல் கலந்துகொண்டு பயனடைய வேண்டியது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. கடவுளாகப் பார்த்து வழிவிட்டார் என்று கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

முகாமுக்கு விருந்தினர்கள் மட்டும் நாற்பது பேர். அவர்களைக் கூட்டிவர அலுவலகம் நாற்பது டாக்ஸி பிடித்தது. இறக்கிவிட்டதும், "திரும்பவும் போகணும், வண்டியை விட்டு நகராதீங்க" என்று உத்தரவு. ஆக, ஓட்டுநர்கள் அத்தனை பேரும் வெளியே. உள்ளே விருந்தினர்கள், ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருப்பதால் வரும் கேடுகளை ஒருவருக்கொருவர் உட்கார்ந்தபடியே எடுத்துரைத்தார்கள்.

இவர் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற அலுவலரிடம் போனாராம்.

"ஐயா, நெஞ்சு வலிக்குது. டெஸ்ட் எப்போ?"

"டிரைவருங்க வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிச்சிடுவோம்."

"நாங்க எல்லாரும் வெளியிலதானே இருக்கோம்?"

"அதனாலதான் இன்னும் ஆரம்பிக்கல."

"அப்ப உள்ள வரட்டுமா?"

"வண்டியை யாரு பாத்துப்பாங்க? ஒரு பொறுப்பு வேண்டாமா உங்களுக்கு?"

வலி கூடிப்போய், இவர் நெஞ்சில் கை வைத்துச் சுவரில் சாய்ந்தார். "அப்படியே இருங்க, கையை எடுக்காதீங்க" என்று ஒருவர் ஓடி வந்தார். டாக்டர் என்று நினைத்தாராம். போட்டோகிராபர்.

வீட்டுக்கு வந்தவரிடம், "ஏங்க, டெஸ்ட் பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"பண்ணிட்டதா கையெழுத்து வாங்கிட்டாங்க."

எழுத்திலேயே இருக்கிறதே என்று எனக்கு நிம்மதி.

அடுத்த வாரம் அந்தப் படம் டாக்ஸி ஸ்டாண்டு ஒன்று விடாமல் சுவரொட்டியாக ஏறியது. கீழே, 'என் இதயம், என் பொறுப்பு.' முகத்தில் அப்படியொரு உணர்ச்சி. சொந்தக்காரர்கள் போன் போட்டு வாழ்த்தினார்கள். நான் இரண்டு பிரதி கேட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மறுபடியும் நெஞ்சில் கை வைத்தார்.

"அப்பா, இங்க கேமரா இல்ல, கையை எடுங்க" என்றாள் மகள். மகன் சிரித்தான். நானும்தான். அவர் நாற்காலியோடு சரிந்த பிறகுதான் நிறுத்தினோம்.

கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அலுவலகத்திலிருந்து கடிதம். 'விழிப்புணர்வு பெற்ற பின்னரும் தாங்கள் நோயுற்றதால் முகாமின் நற்பெயருக்கு ஏற்பட்ட களங்கம் குறித்து ஏழு தினங்களுக்குள் விளக்கமளிக்கவும்.'

அவர் இன்னும் படுக்கையில்தான். நானே எழுதினேன்.

'ஐயா, அவர் நெஞ்சில் கை வைத்ததை உங்கள் அலுவலகம் பார்த்தது. ஊர் பார்த்தது. வீட்டில் நாங்களும் பார்த்தோம். படம் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னோம்.'