சாம்சன் சொன்ன வெள்ளிக்கிழமை

சாம்பல் புதனன்று நெற்றியில் வைத்த சாம்பல் உதிருமுன்பே ஓஸ்வால்ட் சபதம் போட்டுவிட்டார். நாற்பது நாளைக்கு இறைச்சியைத் தொடமாட்டாராம். முட்டைகூட வேண்டாமாம். வீட்டோடு சொல்லியிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். மனுஷன் கோயில் வாசலில் ஃபாதர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்! காரணம் இருந்தது. பெரிய வியாழனன்று, கர்த்தர் தம் பன்னிரண்டு சீடர்களுக்குச் செய்த மாதிரி, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து ஃபாதர் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் ஒருவராக உட்கார ஓஸ்வால்ட் இருபது வருஷமாக ஏங்கிக் கிடந்தார். இந்த வருஷம்தான் பட்டியலில் பேர் ஏறியிருந்தது. அதுவும் பாடற்குழுவில் இருக்கும் மனைவி டோரதி நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்த இடம்.

ஆனால் பாருங்கள், பிரேசர் டவுனில் குடியிருப்பவன் எடுக்கிற சபதமா இது? தவக்காலமும் ரம்ஜான் மாதமும் சேர்ந்தே வந்து தொலைத்தன. சாயங்காலம் நோன்பு திறந்துவிட்டால் மசூதித் தெரு முழுக்க கரியடுப்பு, புகை, கம்பி கம்பியாகக் கபாப். நாயை வாக்கிங் கூட்டிப்போன ஓஸ்வால்ட் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் நாள் கையை எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் வாயையும் திறந்துவிட்டார். நாய் சாம்சனுக்கும் ஒரு துண்டு. பங்கு கொடுத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது, வாயில்லா ஜீவன்தானே!

மூன்றாவது வாரம் சாம்சன் சாப்பாட்டை நிறுத்தியது. தயிர்ச்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. அதைவிட மோசம், அது ஓஸ்வால்டையே பார்த்தது. குளித்துவிட்டு வந்தால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தது. ஜெபமாலைக்கு முட்டி போட்டால் எதிரே வந்து உட்கார்ந்தது. குரைக்கவில்லை, வாலாட்டவில்லை, இமைக்கவும் இல்லை. ஓஸ்வால்டுக்கு 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னாங்க, சாம்சன் மூணு நாளா ஒரு வாய் தின்னல. லீனாகிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள் டோரதி.

கால்நடை டாக்டர் லீனா இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். பாடற்குழுவில் டோரதிக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். நாய் வயிற்றில் அவள் எதைக் கண்டுபிடித்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபாதர் காதுக்குப் போய்விடும்.

"லீனாவா? அவ ஊசி போட்டா சாம்சன் கத்தும்."

"யாரு போட்டாலும் கத்தும்."

"நல்ல டாக்டரா நானே பாத்துக்குறேன், விடு."

"உங்க இஷ்டம். எங்க வேணா போங்க. மல்லேஸ்வரத்துல அந்தக் கோவிந்தப்பாகிட்ட மட்டும் போவாதீங்க."

"ஏன், அவருக்கு என்ன?"

"சொன்னா பயப்படுவீங்க. மிருகமெல்லாம் அவர்கிட்ட பேசுமாம்."

ஓஸ்வால்ட் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளுக்குள் குதியாட்டம். மல்லேஸ்வரம்! அவ்வளவு தூரத்தில் பங்குக் கோயில் ஆள் ஒருத்தர்கூடக் கண்ணில் படமாட்டார். மறுநாள் மத்தியானமே ஆட்டோவில் நாயை ஏற்றிவிட்டார்.

மரங்களுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. மழை மேகம் கவிந்து மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பிராணிகள் காத்திருந்தன. ஒரு சத்தம் இல்லை. ஒரு பூனை, முன்பின் தெரியாத நாயின் முதுகில் சாய்ந்துகொண்டு வாசலையே பார்த்தது. கூட வந்த மனுஷர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்திருந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்து ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவள் முயல் மட்டும் தெம்பாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஓஸ்வால்ட் எழுந்தார். சாம்சன் அவருக்கு முன்னால் உள்ளே போய்விட்டது.

"வாங்க சார், உக்காருங்க," என்றார் டாக்டர் கோவிந்தப்பா. ஒல்லி ஆள், கண் மட்டும் பெரிசு. நாய்க்கு என்ன என்று கேட்கவில்லை. தெர்மாமீட்டர் எடுக்கவில்லை. குனிந்து சாம்சன் வாயருகே காதை வைத்தார். கரண்டு போயிற்று.

"செவ்வாய்க்கிழமை," என்றார் இருட்டில்.

"சார்?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பொகை. சீக் கபாப். உங்களுக்கு மூணு, இதுக்கு ஒண்ணு."

சாம்சன் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"வெள்ளிக்கிழமையுமா! அன்னிக்கு கபாப் இல்ல. மூளை வறுவல். கோயில் மணி அடிக்குது. நீங்க திரும்பிப் பாக்கல."

ஐயோ, கர்த்தரே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சிலுவைப்பாதை ஜெபத்தில் இருப்பதாக அல்லவா வீட்டில் சொல்லியிருந்தார்!

"உடம்புல ஒண்ணுமில்ல சார். வீட்டுல பொய் நடமாடினா சில நாய் சாப்பிடாது. அது காதுல எல்லாத்தையும் ஒத்துக்கிடுங்க."

ஓஸ்வால்ட் தரையில் முட்டி போட்டார். ஃபாதரிடம்கூட விட்டுவிட்டுச் சொல்கிறவர், நாய் காதில் ஒன்று விடாமல் சொன்னார். சாம்சன் பொறுமையாகக் கேட்டது. முடிந்ததும் நர்ஸ் வைத்த கிண்ணத்தை வழித்து நக்கித் தின்றது. கரண்டு வந்தது. ஓஸ்வால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பாதி வழியில்தான் மூளை திரும்பியது. போவாதே என்று சொன்னது யார்? போவாதே என்றால் போகிற ஆள் என்று தெரிந்தவள் யார்? அடிப்பாவி! படியேறும்போதே கத்தினார்.

"நடிக்காத டோரதி! நீதானே அந்த டாக்டருக்குப் போன் பண்ணே?"

டோரதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுக்கவே இல்லை. "ஆமா, பண்ணேன். லீனாவுக்குக் காலேஜ்ல பாடம் எடுத்தவரு அவரு. அவதான் நம்பர் குடுத்தா. சட்டையெல்லாம் கரிப்பொகை வாசம்னு செவ்வாய்க்கிழமை பின்னாலயே வந்து பாத்துட்டேன். நான் கேட்டா ஒத்துக்கவா போறீங்க?"

"அதுக்காக வெள்ளிக்கிழமையையுமா சொல்லுவ? சிலுவைப்பாதைன்னு சொல்லிட்டு மூளை வறுவல் தின்னதை எல்லாம் ஒரு வெளியாள்கிட்ட சொல்லலாமா?"

பீன்ஸ் நறுக்கிய கத்தி நின்றது.

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா, தெரியாத மாதிரி கேளு!"

"நான் செவ்வாய்க்கிழமை மட்டும்தாங்க சொன்னேன்."

தலைக்கு மேல் ஃபேன் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் மெல்லத் திரும்பினார்கள். சாம்சன் வாசற்படியில் உட்கார்ந்து ஓஸ்வால்டையே பார்த்துக்கொண்டிருந்தது. டோரதி காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"டோரதி," என்று கிசுகிசுத்தார் ஓஸ்வால்ட். "ஃபாதர்கிட்ட சொல்லிடாதம்மா. அந்தப் பன்னெண்டு பேர்லேர்ந்து என் பேரை எடுத்துடுவாரு."

"எதுக்கு எடுக்கணும்?" டோரதி மறுபடி கத்தியை எடுத்தாள். "அந்தப் பன்னெண்டு பேர்ல யூதாசும்தானே உக்காந்திருந்தான்!"