கருப்பட்டி அக்காவும் கையில் பிடிக்கிற நாயும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றைத் திட்டியே அடக்கியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கருப்பட்டி அக்கா. ஆடி மாதத்தில் தலைச்சுமையின் ஓலை மூடி பறந்துவிட்டால், அக்கா நடுரோட்டில் இடுப்பில் கை வைத்து நின்று, "ஏலே, உனக்கு வேற சோலி இல்லியா? போய் எவனாவது துரைக்க தொப்பியைத் தூக்குலே" என்பார். காற்று நின்றுவிடும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஓலை மூடி நாலு வயல் தாண்டிக் கிடக்கும் என்பது வேறு விஷயம்.

நாங்கள் திருவிதாங்கூர்ப் பிரஜைகளாக இருந்த காலம் அது. கணவாயில் சர்க்காரின் சுங்கச் சவுக்கை இருந்தது. அதற்குக் கிழக்கே வெள்ளைக்காரன் சீமை, மேற்கே மகாராஜா சீமை. போகிற வருகிற சரக்குக்கும் கால்நடைக்கும் பாஸ் எழுதுவது என் வேலை. ஏழாம் வகுப்பு வரை படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும். வாய்தான் கிடையாது. யாராவது என்னிடம் பேசினால் மைக்கூட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

அக்காவின் வீடு தோவாளைப் பக்கம். வாரத்தில் இரண்டு நாள் கருப்பட்டிச் சிப்பத்தைச் சுமந்துகொண்டு கணவாயைத் தாண்டிப் பணகுடிச் சந்தைக்குப் போவார். கூடவே வெள்ளச்சி வரும். வெள்ளச்சி ராஜபாளையத்து நாய். அங்கே ஒரு வீட்டில் இரண்டு சிப்பம் கருப்பட்டிக்கு மாற்றாக அக்கா வாங்கிய குட்டி. பால் வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு, நின்றால் என் மேஜை உயரம் இருக்கும். ஒருநாள் அது மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டேன்.

ஆள் நடமாட்டமில்லாத கணவாய்ப் பாதையில் தனியாக வருகிற பெண்ணுக்கு அப்படி ஒரு நாய் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஊரே கேட்டது. சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகளுக்கு அதுதான் அந்த வருஷம் முழுவதும் கவலை.

"என்னக்கா, நீ நாயைக் கூட்டிட்டுப் போறியா, நாய் உன்னைக் கூட்டிட்டுப் போவுதா?"

"பக்கத்துல வந்து அதுகிட்டயே கேளு மக்கா. நல்லா பதில் சொல்லும்."

"பொம்பளைக்கு ஒரு பூனை போதாதா?"

"போதும்தான். நீங்க எல்லாரும் எலியா இருந்தா."

வெள்ளச்சி அதுவரை ஒரு மனிதனைக் கடித்ததில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அந்த வழியாக வேட்டைக்குப் போன ஒரு ஜமீன்தாரின் நாய் மாடு மேய்க்கிறவன் ஒருவனுடைய தொடையைக் கிழித்தது. அன்றைக்கு அதே பெஞ்சில், "நாய்னா அதுல்லா நாய், என்ன வீரம்" என்று பேசினார்கள். கிழிபட்ட தொடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆண் கையில் கயிறு இருந்தால் கடிப்பது வீரம். பெண் கையில் கயிறு இருந்தால் சும்மா நிற்பதும் குற்றம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இந்த நியாயத்துக்குத் தொப்பியும் பூட்சும் போட்டதுபோல் எங்களுக்கு ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்தார். வந்த வாரத்திலேயே, மலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேட்டை நாய் ஒன்று காணவில்லை என்று தகவல் வந்தது. எப்படிப்பட்ட நாய், என்ன நிறம் என்று அதில் இல்லை. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா வெள்ளச்சியோடு வாசலில் நின்றார்.

"இது யாருக்க நாய்?"

"எனக்க நாய்."

"உனக்கு மாப்பிள்ளை இல்லியா?"

"இருக்காரு. அவருக்கும் நாய் இருக்கு. அது வேற நாய்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்கள் எல்லாருக்கும் பாடம் நடத்தினார். "பொம்பளை வளக்கிறது மடியில வைக்கிற நாய். ஆம்பளை வளக்கிறது கையில பிடிக்கிற நாய். இது கையில பிடிக்கிற நாய். அப்போ இது இவ நாய் இல்லை. திருட்டு நாய்."

அக்கா வெள்ளச்சியைப் பார்த்தார். பிறகு, "மடியிலயும் வைக்கலாம். ஐயா மடியைக் காட்டுங்க" என்றார்.

நாயைப் பிடித்து வைக்க மகஜர் எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "வெள்ளை நிற வேட்டை நாய், ஆண், ஒன்று." அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

"ஆணா? ஐயா, ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லப்பிடாதா?"

சவுக்கையில் சேவகர்கள் இருமத் தொடங்கினார்கள். இன்ஸ்பெக்டர் குனியவில்லை. "பெண்ணுன்னு அடிச்சு எழுதும். ஆனா ஆம்பளை வளத்த பெண் நாய்" என்றார். இதையும் எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

வெள்ளச்சியைச் சவுக்கைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் கட்டினார்கள். அக்கா கிட்டே வந்து சொந்தம் கொண்டாடக் கூடாது என்று உத்தரவு. சேவகர் மீன் சோறு வைத்தார், நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் சுமையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார். சந்தைக்குப் போகவில்லை. கருப்பட்டி இளகி ஓலை வழியாக ஒழுகிற்று. இந்தப் பக்கம் நாய் சாப்பிடவில்லை, அந்தப் பக்கம் அக்கா சாப்பிடவில்லை. நடுவில் நாங்கள் மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிட்டோம். மறுநாள் மத்தியானம் நாய் எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டது. இன்னும் ஒருநாள் போனால் அது போய்விடும் என்று சேவகர் சொன்னார்.

"வீட்டு ஆம்பளை வந்து கையெழுத்துப் போட்டா விடுதேன்" என்று இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். வெயில் சாயும் நேரத்தில் ஆம்பளை வந்தார்.

மெலிந்த மனிதர். பனை ஏறப் பயந்து, பதனீர் வாங்கி வீட்டில் கருப்பட்டி காய்ச்சுகிறவர். அடுப்புப் புகையில் கண் சிவந்திருந்தது. தோள் துண்டைத் தூளியாகக் கட்டி, அதில் சடை முடியோடு ஒரு சின்ன நாயைப் போட்டிருந்தார். அது துண்டுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி எல்லாரையும் பார்த்தது. சவுக்கையே சிரித்தது. மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன் ஐயா. அதுக்க கிட்ட மட்டும் போகச் சொல்லப்பிடாது. எனக்கு அதைக் கண்டா பயம்."

"பொண்டாட்டி வளக்கிற நாயைக் கண்டு பயமா? வெக்கமா இல்லியா உமக்கு?"

"ஐயாவும் எட்டத்தான நிக்கிறிய."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "எழுதும் ஓய், இவரு பேருல ஒரு பாஸ்" என்றார். நான் பேனாவைத் தோய்த்தேன்.

"எழுதாதே" என்றார் ரோட்டைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்ட அக்கா. இரண்டு நாள் பட்டினியில் குரல் கம்மியிருந்தது. "அவரு பேருல எழுதினா, நாளைக்கு நான் கயிறைப் பிடிச்சு வந்தா மறுபடியும் திருட்டு நாய்தான. அவரால அதைக் கூட்டிட்டு வர ஏலாது. நான் அது இல்லாம இந்தக் கணவாய்ல நடக்க ஏலாது. எழுதினா எனக்க பேருல எழுது. இல்லன்னா இங்கயே கெடக்கட்டும், நானும் கெடக்கேன்."

அப்படிச் சொன்னவரின் கண் வேப்பமரத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டேன். அது வரைக்கும் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

"ஐயா" என்றேன். சேவகர்கள் யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார்கள். "பாஸ் படிவத்துல உடைமைக்காரர் பேருன்னுதான் போட்டிருக்கு. ஆணா பெண்ணான்னு கேக்கல்ல. நாய் பெருசா சின்னதான்னும் கேக்கல்ல."

இன்ஸ்பெக்டர் படிவத்தை வாங்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சர்க்கார் அச்சடித்த காகிதம். அதில் அவருடைய பாடம் எங்கேயும் இல்லை. துரை வீட்டு நாய் என்று காட்ட அவர் கையில் ஒரு துரும்பும் இல்லை. காகிதத்தை என் மேஜையில் வீசினார்.

"எழுதித் தொலையும். அது எவனையாவது கடிச்சா இவதான் பொறுப்பு."

"கடிச்சா எனக்க பேருல கடிச்சதா எழுதிக்கிடுங்க. அவரு பேருல வேண்டாம். பாவம், பயந்துபோவாரு."

நான் அக்காவிடம் பெயர் கேட்டேன். அத்தனை வருஷமாக அவருடைய சரக்குப் பாஸ் எல்லாம் வீட்டுக்காரர் பெயரிலேயே எழுதி வந்திருக்கிறோம். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. சொன்னார். எழுதினேன்.

"எது எனக்க பேரு?"

விரலால் காட்டினேன். அவர் ஈரம் காயட்டும் என்று எழுத்தின் மேல் மெல்ல ஊதினார். பிறகு மரத்தடிக்குப் போனார். அவர் கையில் அள்ளி நீட்டிய மீன் சோற்றை வெள்ளச்சி சத்தம் போட்டுத் தின்றது.

சின்ன எழுத்தில் எழுதுகிறவன் என்று எனக்கு ஆபீசில் நல்ல பெயர் உண்டு. அன்றைக்கு அக்காவின் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. நான் அதைத் திருத்தவில்லை.