சந்திரனிலிருந்து மாத்தளை பஸ்

ஒரு படத்தை நூறு தடவைக்கு மேல் ஓட்டிவிட்டு, அதன் முடிவை ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மாத்தளையில் இருந்தார். எங்கள் ரீல் நானா!

டவுன் தியேட்டரில் அவர் ஒப்பரேட்டர், நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அவருடைய சொந்தப் பெயர் அவர் பெண்சாதிக்கே மறந்துபோய்விட்டது என்பார்கள்.

மேலே ஒப்பரேட்டர் அறையில் இரண்டு மெஷின்கள். அந்த இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்காது. ஒரு ரீல் ஓடும்போது, ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்ற வேண்டும். கடைசி ரீல் ஓடும்போது, அடுத்த ஆட்டத்துக்கான முதல் ரீலை மற்ற மெஷினில் கோர்க்க வேண்டும். ஆகவே கதாநாயகன் செத்தாலும் சரி, கல்யாணம் கட்டினாலும் சரி, திரைக்கு நானாவின் முதுகுதான். வசனத்தையும் முடிவையும் அவரே மனதுக்குள் போட்டுக்கொள்வார். அவர் போட்ட முடிவில் ஒருவரும் சாவதில்லை.

சந்திரனுக்கு ராக்கெட்டில் போகும் பழைய இங்கிலீஷ் படம் ஒன்று அவருக்கு உயிர். மனிதன் நிஜமாகவே சந்திரனில் இறங்கிய செய்தியை நாங்கள் ரேடியோவில் கேட்டு வாய் பிளந்த பிறகு, அது மறுபடி எங்கள் தியேட்டருக்கு வந்தது. தகர ராக்கெட் கிளம்பியதுதான் தாமதம், மலிவு டிக்கெட் கலரி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.

"ராக்கெட்டா அது, சாராயப் போத்தலா?" என்று கத்தினார் உக்குவளையிலிருந்து வரும் தச்சாசாரி, எங்கள் வாயில் 'பாஸ்'.

ஆட்டம் முடிந்து நானா கீழே வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, சனத்துல குத்தமில்ல. மனுசன் மெய்யாவே போய் வந்துட்டான். நாம இன்னும் தகர டின்னக் காட்டிக்கிட்டு ஈக்கிறோம். இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி நாம திருப்பி எடுப்போம்!"

"நாமன்னா யாரு நானா?"

"நான் எடுக்கிறேன். நீங்க சந்திரனுக்குப் போறீங்க."

ஏணியில் நாலாம் படி ஏறினாலே இறக்கிவிட ஆள் தேடுகிறவன் நான்.

கல்யாணம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் ஒரு சின்னக் கேமரா இருந்தது. பிலிம் ஒரே ஒரு சுருள். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். ஊரைப் புரட்டிப் போட்டாலும் இன்னொன்று கிடையாது. நானா மூன்று வாரம் கடை வாசலில் குந்தியிருந்து அதை வாங்கிவிட்டார். "நாலு நிமிசம் ஓடும் தம்பி. கெட்டுப்போச்சுன்னா நம்ம படம் மவுத்து" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை உரித்து எனக்கு உடுப்புத் தைத்தார்கள். தலைக்கு ஒரு பிஸ்கட் டின், முன்னால் சின்ன ஜன்னல். கண்ணாடியில் பார்த்தேன். சந்திரனுக்குப் போகிறவன் மாதிரி இல்லை, ஏற்றுமதிக்குப் போகிறவன் மாதிரி இருந்தேன். ராக்கெட்டைப் பலகையில் செய்து கொடுத்தவர் அதே பாஸ், கேலி செய்த பாவத்துக்கு.

சந்திரனுக்கு எங்கள் மலையுச்சி ரிவர்ஸ்டனைவிட நல்ல இடம் ஏது? பனிமூட்டம் வந்தால் நம் கையே நமக்குச் சொந்தமா என்று சந்தேகம் வரும். மூன்று நிமிஷம் அமோகமாகப் போயிற்று. நான் குதித்தேன். நானா கேமராவுக்குப் பின்னால் கூத்தாடினார். "மெதுவா தம்பி, மெதுவா! சந்திரன்ல எனத்துக்கு அவசரம்?"

முடிவு மட்டும்தான் பாக்கி. நான் ராக்கெட்டில் ஏறிக் கையாட்ட வேண்டும், அடியிலிருந்து புகை கிளம்ப வேண்டும். புகைக்கு நானா சாக்குகள் கொண்டு வந்திருந்தார். மாத்தளைக் கடைத்தெருவில் பழைய சாக்குக் கேட்டால் என்ன சாக்கு தருவார்கள்? காய்ந்த செத்தல் மிளகாய்ச் சாக்கு! இது எங்கள் இரண்டு பேருக்கும் கொளுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிஸ்கட் டின்னுக்குள் புகை வர வழி இருந்தது, போக வழி இல்லை. ராக்கெட்டை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினேன். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அடியே, முனி வருதுடி! வெள்ளி முனி!"

கூடைகள் பறந்தன. அவர்கள் ஓடுவதைப் பார்த்து, எனக்குப் பின்னால் ஏதோ பயங்கரம் வருகிறதாக்கும் என்று நான் அவர்களைவிட வேகமாக ஓடினேன். பின்னால் வந்தது நானா. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே இருமிக்கொண்டு வந்தார்.

ரோட்டில் மாத்தளை பஸ். பாய்ந்து ஏறினேன்.

கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஹேத யன்னே?"

எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதும், தெரிந்த சிங்களமெல்லாம் மறந்து ஒரு சொல்தான் வந்தது. "கெதர!" வீட்டுக்கு.

"இஸ்ஸரஹாட்ட யன்ன" என்றார் அவர். முன்னால் போ. சந்திரனிலிருந்து வந்தவனுக்கும் அதே சட்டம்தான்.

ஊரில் இருந்த ஒரே சுருளை நாசமாக்கிவிட்டேன் என்று இரண்டு நாள் தியேட்டர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நானா வீட்டுக்கே வந்து கட்டிப்பிடித்தார். "தம்பி! நீங்க பஸ்ல ஏறினதும் பிலிம் முடிஞ்சிட்டு. அச்சொட்டா அந்த இடத்துல! அல்லாஹ் தந்த முடிவு!"

சுருள் கொழும்புக்குப் போய்க் கழுவி வந்ததும், ஒரு ஞாயிறு மெட்டினிக்கு முன்னால், ஸ்டூடியோக்காரரின் சின்ன மெஷினை மேலே ஏற்றிப் போட்டோம். அதே கலரி. நான் ஈயத்தாள் பறக்க ஓடுகிறேன். பனிக்குள்ளிருந்து பஸ் வருகிறது, ஏறுகிறேன், பனி மூடுகிறது. தியேட்டர் எழும்பி நின்று விசிலடித்தது!

மெட்டினி ரீலைப் பெரிய மெஷினில் முன்பே கோர்த்தாயிற்று; அன்று கோர்ப்பதற்கு அடுத்த ரீல் இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாக நானா ஒரு படத்தின் முடிவைத் திரையைப் பார்த்தபடியே பார்த்தார். பிறகு ஒப்பரேட்டர் அறைச் சுவரில் படம் பாயும் ஓட்டைக்குள் முகத்தை வைத்துச் சந்தோஷமாகக் கத்தினார்:

"பழைய படத்துலயும் இப்படித்தானே, அவன் வீட்டுக்குத் திரும்பி வந்துடுவான்?"

விசிலடித்தவர்கள் வாயிலிருந்து விரலை எடுத்தார்கள். பழைய படத்தில் ராக்கெட் அவனை விட்டுவிட்டுக் கிளம்பும். அவன் சந்திரனில் தனியாக நின்று கையாட்டுவான். மாத்தளையில் அது தெரியாத ஆள் இல்லை.

முதலில் வாய் திறந்தவர் பாஸ்தான். "அப்படியேதான் நானா! பஸ் மட்டும்தான் இல்ல."

கலரி முழுக்கத் தலையாட்டியது. அதற்குப் பிறகும் அந்தப் பழைய படம் எத்தனையோ தரம் வந்தது. கடைசி ரீல் ஓடும்போதெல்லாம் நான் மேலே போய், நானா திரும்பிவிடாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.