எடை போதாத அணி

"நல்லாக் கூட்டுனியா?" என்றார் கர்ணன்.

"பி.காம். படிச்சிருக்கேன் மாமா."

"அதான் கேட்டேன்."

மதன்குமார் மறுபடி கூட்டினான். அய்யாத்துரை வாழைக்காய் மண்டியின் தராசில் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கியிருந்தார்கள். மொத்தம் நானூற்று முப்பத்திரண்டு கிலோ. எத்தனை முறை கூட்டினாலும் அதே முப்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மேலே கேரளத்துக் கட்டப்பனையில் கயிறு இழுக்கும் போட்டி. ஏழு பேர் எடையும் சேர்ந்து நானூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். குறைந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குறைந்தவர்களை எதிரணி இழுத்துக்கொண்டு போய்விடும். கூடலூர் அணி மூன்று வருஷமாக மலையேறிப் போய், மூன்று வருஷமும் முதல் சுற்றிலேயே முழங்கால் வரை செம்மண்ணோடு இறங்கி வந்திருந்தது.

"அங்கன எடை போட்டு 'ஓகே'ம்பாக. எவ்வளவு ஓகேன்னு நாம கேட்டதே இல்ல," என்றான் மதன்குமார். "இருபத்து மூணு கிலோ கம்மி மாமா. அரை மூட்டை சிமிண்டு! அதக் கீழேயே வச்சிட்டுப் போயி இழுத்திருக்கோம்."

மூன்று வருஷமாக மழை, மண், நடுவர், கயிறு என்று எல்லாவற்றையும் திட்டியவர்களுக்கு இப்படி ஒரு காரணம் தோன்றியதே இல்லை.

மதன்குமார் கயிற்றைத் தொட்டவனில்லை. மண்டியில் கணக்கு எழுதுபவன். விவசாயிகள் கொண்டுவரும் வாழைத்தாரை எடை போட்டு எழுதுவதும் அவனே. மனைவி நாகஜோதி இறந்தபிறகு சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல், மண்டிக்குப் பின்னால் கயிறு இழுப்பதை வேடிக்கை பார்க்கப் போனான். அங்கே யாரும் அவன் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கவில்லை. "தள்ளி நில்லுய்யா" என்றார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. இந்த வருஷம்தான் முதல்முறையாக அவன் பேச்சு எடுபடுகிறது. சொதப்பினால் சாயங்காலத்துக்கு வேறு இடம் பார்க்கவேண்டும்.

"யாரத் தூக்கலாம்?" என்றார் அணித்தலைவர் கர்ணன்.

"இனியனை."

மண்டியில் தார் சுமக்கும் இருளம்மாள், அணியின் முதல் ரசிகை, சும்மாட்டைக் கீழே வீசினாள். "ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? முன்னால நின்னு மொத்தக் கயித்தையும் பேச வைக்கிறதே அவந்தான்!"

"ஐம்பத்திரண்டு கிலோதான் இருக்கான் அக்கா."

"வெங்காயமும் சின்னதுதான். கடிச்சுப் பாரு."

ஆனால் கணக்கு கணக்குதான். இனியனின் இடத்துக்கு எழுபத்து நான்கு கிலோவில் ஒருவன் வேண்டும். எல்லோரும் பரோட்டாக் கடை நாகராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த வடையை மெல்லக் கீழே வைத்தான்.

"எனக்குக் கயிறு பிடிக்கத் தெரியாதேப்பா?"

"புடிக்க வேணாம்," என்றார் கர்ணன். "நின்னாப் போதும்."

இனியன் பனியனைக் கழற்றி மதன்குமார் மடியில் போட்டுவிட்டுப் போனான். இப்போது நானூற்று ஐம்பத்து நான்கு. மிச்சமிருக்கும் ஒரு கிலோவையும் விடுவானேன் என்று, போட்டியன்று காலையில் மதன்குமார் தன் செலவில் பிரியாணி போட்டான். ஏழு பேரும் அணிக்காகச் சாப்பிட்டார்கள். நாகராஜ் ஊருக்காகவும் சாப்பிட்டான்.

குமுளி மலைப்பாதையில் ஜீப் வளையும்போதெல்லாம் மதன்குமார் திரும்பிப் பார்த்து, "யாரும் வாந்தி எடுத்துராதீக! எடை போயிரும்!" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். அவர்களும் பல்லைக் கடித்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள்.

கட்டப்பனையில் நடுவர் ஏழு பேரையும் எடை போட்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இருபத்தேழு கிலோ கூடுதலாணு சேட்டா."



"பிரியாணிக்கு எத்தன கிலோ அரிசி போட்ட?" என்றார் கர்ணன், பல்லிடுக்கில்.

"நாலு மாமா."

"மிச்ச இருபத்து மூணு கிலோ?"

"தெரியல மாமா."

"பி.காமு."

இனியனுக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. இருளம்மாளுக்குப் போட்டார்கள். அவள் எடுத்துச் சிரித்துவிட்டு வைத்தாள். மதன்குமார் எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டான். ஓடியதில் தாகம் எடுத்தது. குடித்த தண்ணீரில் ஒரு கிலோ கூடியது. நாகராஜ் கக்கூஸுக்குப் போய் வெகுநேரம் அணிக்காக உழைத்துவிட்டு வந்தான். அரைக் கிலோ குறைந்தது. மற்ற அணிகள் கைதட்டின.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மினிட்டு. இல்லெங்கில் நீங்க வெளிய."

மதன்குமார் கர்ணன் முகத்தைப் பார்த்தான். அதில் அவனுக்கு இனி சாயங்காலமே இல்லை என்று தெரிந்தது.

"உங்க தராசு தப்பு!" என்று கத்தினான்.

கூடலூர்க்காரர்களுக்கு உயிர் வந்தது. "அதான! மூணு வருஷமா இப்பிடித்தான் ஏமாத்திருப்பாக!" அறிவிப்பாளர் ஆசையாக மைக்கைக் கொண்டுவந்து மதன்குமாரின் வாய்க்கு நேரே பிடித்தார்.

நடுவர் கோபப்படவில்லை. டீக்கடையிலிருந்து தையல் பிரிக்காத ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையை எடுத்துவரச் சொல்லித் தராசில் வைத்தார். ஐம்பது. இன்னொன்றையும் வைத்தார். நூறு.

"எங்க தராசு சரியாணு. உங்க ஊர்த் தராசு கொறச்சுக் காட்டுது. ஆளுக்கு மூணு நாலு கிலோ."

மதன்குமாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மைக் வாய்க்கு நேரே இருந்தது. மூன்று அணிகளின் ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், எங்க மண்டித் தராசையா சொல்ற? பத்து வருஷமா ஓடுது! ஓடைப்பட்டி, கடமலைக்குண்டு வரைக்கும் அம்புட்டுப் பேரு தாரும் அதுலதான் ஏறுது! நானே என் கையால எடை போடுறேன்! ஒரு கிலோ முன்னப்பின்ன இருந்தா ஊரு எங்கள விட்டு வச்சிருக்குமா?"

மைக்கில் அது மலைவரை போய்த் திரும்பி வந்தது. யாரும் கைதட்டவில்லை. கர்ணன் பிரியாணியை மறந்தவர்போல் அவனையே பார்த்தார். மற்ற ஐந்து பேரும் மெல்ல அவன் பக்கம் திரும்பினார்கள். நாகராஜ் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒதுங்கி நின்றான்.

நாலாவதாகக் கயிறு பிடிக்கிற பேச்சிமுத்து ஒன்றரை ஏக்கரில் நேந்திர வாழை போட்டிருப்பவன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன் முன்னால் வந்து, சந்தேகம் கேட்கிற பிள்ளைபோல மதன்குமாரின் தோளைத் தொட்டான்.

"அண்ணே, நாங்க இம்புட்டுக் கனம்னா, இத்தன வருஷமா எங்க வாழத்தாரும் இதே மாதிரி கனமாத்தானண்ணே இருந்திருக்கும்?"