மூன்று வேளையும் மாமியார்

மனித குலத்தின் மகத்தான சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் நெருப்பையும் சக்கரத்தையும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியரின் 'வலிச்சொல் ஆராய்ச்சி'க்கு இடம் ஒதுக்க வேண்டும். மயக்க மருந்துத் துறைக்கே அவர் தலைவர். வலி நிவாரணம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் ஆள் உயரம் வருமாம். அதன் மேல் ஏறி நின்றுதான் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அவ்வளவு சின்னதாகத் தெரிந்தோம் அவருக்கு.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் "அம்மா!" என்று ஒரு அலறல் அலறினார் பாருங்கள்! வலி ஊசி போடச் சொல்லி நர்ஸிடம் ஓடினேன். ஊசி தயாராகத்தான் இருந்தது. ஆனால் பேராசிரியர் தலையசைக்காமல் அந்த வார்டில் ஒரு சொட்டு இறங்காது.

பேராசிரியர் வந்தார். உதவியாளர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை என் வீட்டுக்காரரின் வாயருகே நீட்டினார்.

"என்ன சொன்னார்?"

"அம்மான்னு கத்தினார் சார். உயிர் போற வலி!"

"வலின்னு சொல்றது நீங்க. அவர் சொன்னது 'அம்மா'. அது உறவுமுறைச் சொல். கூப்பிட்டிருக்கார், அவ்வளவுதான். தாயாரை வரவழைங்க."

மாமியார் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மகன் இன்னும் பலமாக "அம்மா!" என்றார்.

"பாத்தீங்களா, அளவு பத்தலை" என்று பேராசிரியர் சீட்டில் எழுதினார்: 'தாயார். மூன்று வேளை. உணவுக்குப் பின்.'

மருத்துவ வரலாற்றில் என் மாமியார் மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பக்கவிளைவு முழுக்க எனக்கு. "இவளைக் கட்டின நாள்லேர்ந்து என் புள்ளைக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு" என்று ஆரம்பித்தவர் வாயை மூடவே இல்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் "ஐயோ அப்பா" என்று முனகினார்.

"தந்தையார் எங்கே?"

"அவர் காலமாகி ரொம்ப நாளாச்சு சார்."

"மருந்து கையிருப்பில் இல்லைன்னு குறிச்சுக்கோப்பா" என்றார் உதவியாளரிடம்.

"சார், விண்விண்ணுன்னு தெறிக்குது சார்" என்று இவரே கெஞ்சினார்.

"'விண்'ணுன்னா ஆகாயம். ரெண்டு தடவை சொல்றார். வானிலை நம்ம துறையில வராது."

எனக்குப் பொறுக்கவில்லை. "எப்படித்தான் சொல்லித் தொலைக்கணும், சொல்லுங்க!" என்றேன்.

பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய மனசு. "'எனக்குக் கடுமையான வலி உணர்வு ஏற்பட்டுள்ளது.' ஆராய்ச்சியில அங்கீகரிச்ச வாக்கியம் இது ஒண்ணுதான்."

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு ஒற்றெழுத்துகூட விடாமல் ஒப்பித்தார்.

பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. "அருமை! இவ்வளவு தெளிவா, இலக்கணம் பிசகாமப் பேசறவருக்கு வலி இருக்க வாய்ப்பே இல்லை!"

"அடப்பாவி!" என்று என் வாயில் வந்துவிட்டது.

"பாவி... அது என்ன உறவு?" என்று உதவியாளரைக் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் கத்திக் கத்தி என் வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாய் திறந்தபடி இருக்கிறது, காற்றுதான் வருகிறது. பேராசிரியர் ஒலிப்பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"பூஜ்யம்! முழு நிவாரணம்!"

உதவியாளர் கை தட்டினார். பக்கத்து வார்டு டாக்டர்கள் வந்து கை குலுக்கினார்கள். நர்ஸ் ஊசியைக் கொண்டுபோய் மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தார்.

"சார், அழுறாரே சார்! கண்ணு ரெண்டும் கொட்டுதே!"

"கண்ணுக்குத் தனி டிபார்ட்மென்ட் இருக்கும்மா. கீழ்த் தளத்துல."

"பெரிய டாக்டரே சொல்லிட்டார், நீ சும்மா இரு" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பேராசிரியருக்கு இப்போது 'தலைசிறந்த மயக்கவியல் நிபுணர்' விருது கொடுக்கப் போகிறார்கள். தகுதியில்லாதவருக்குக் கொடுக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எல்லாம் வயிற்றெரிச்சல். டாக்டர், நர்ஸ், உதவியாளர், பெற்ற தாய் வரைக்கும், ஒரு சொட்டு மருந்து செலவழிக்காமல் அத்தனை பேரையும் ஒரே நாளில் மரத்துப்போக வைத்தவர் வேறு யாராவது உண்டா, சொல்லுங்கள். கட்டிலில் கிடந்த ஒரே ஒருத்தருக்குத்தான் அது ஏறவில்லை.